ஏரிக்குள் ஒரு மனை

"அந்தக் காலத்து மாம்பலம் எப்படி இருந்தது தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அவர்கள் பொய் சொல்லுவார்கள் என்பதற்காக அல்ல. உண்மையைத்தான் சொல்லுவார்கள். ஆனால் ஆளுக்கு ஓர் உண்மை வைத்திருப்பார்கள், அதுதான் சங்கடம்.

தாத்தா வீடு இருந்த தெருவின் கோடியில் எண்பத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மாம்பலம் என்றால் 1950. மத்தியானம் இரண்டு மணிக்கு உஸ்மான் ரோடில் ஒரு குதிரை வண்டி போனால் அதுதான் அன்றைய போக்குவரத்து என்பார். அறுபது வயதான என் சிநேகிதர் ஒருவருக்கு 1975. பாண்டி பஜார் நடைபாதையில் ஊக்கு, ரிப்பன் பேரம் பேசிக்கொண்டு, சினிமாக்காரர்கள் காரில் போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு சாவதானமாக நடந்த நாட்களைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிடும். என் மருமான் ஒருவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். "2000-ல கூட ரங்கநாதன் தெருவில மூச்சு விட முடிஞ்சது மாமா, இப்போ முடியல" என்கிறான். 2000-ல் அவன் அப்பா அதே தெருவைப் பற்றி அதே வார்த்தைகளைச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவர்கள் எல்லாருக்கும் அந்தப் பொற்காலத்தில் வயது பத்து!

ஏரிக்காகப் பெருமூச்சு விடுகிற ஆசாமி ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. பத்து வயதில் அந்த ஏரியில் குதித்துக் குளித்தவர் யாரும் இன்று உயிரோடு இல்லை. ஆகவே அதற்கு அழ ஆளில்லை.

எந்த ஏரி என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். சென்னைவாசிகளிலேயே பாதிப் பேர் கேட்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான சென்னைப் படம் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும், பட்டணத்தின் மேற்கு எல்லையில், பிறைச் சந்திரன் மாதிரி வளைந்து ஒரு நீலப் பட்டை கிடக்கும். அதன் பேர் லாங் டேங்க். வடக்குத் துண்டை நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தெற்குத் துண்டை மயிலாப்பூர் ஏரி என்றும் சொல்லியிருக்கிறார்கள். கிழக்கே மவுண்ட் ரோடு. மேற்கே மாம்பலம் கிராமம். ஏரிகளுக்கே பேர்போன செங்கற்பட்டுச் சீமையின் ஏரிகளில் இதுவும் ஒன்று. வெள்ளைக்காரத் துரைமார்கள் இதில் படகுப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இன்று அங்கே படகு விட வேண்டுமானால் நவம்பர் மாதம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

ஏரி போய்விட்டதே தவிர அதன் விலாசம் இன்னும் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு என்று ஒன்று இருந்தது. அதாவது ஏரிக்கரைச் சாலை. கரைக்கு உள்பக்கம் மிச்சம் இருந்த ஏரியும் மேடாகி, அங்கே 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்த பிறகு, சாலையும் வள்ளுவர் கோட்டம் நெடுஞ்சாலை ஆகிவிட்டது. அதைச் சுற்றியுள்ள குடியிருப்புக்கு மட்டும் 'லேக் ஏரியா' என்ற பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யார் ஏரியைத் தூர்த்தது? கெட்ட எண்ணம் கொண்ட யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். மிகவும் நல்லவர்கள், பெரியவர்கள், படித்தவர்கள் கூடி யோசித்துச் செய்த காரியம் அது. அந்தக் காலத்துச் சென்னையில் ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் நெரிந்துகொண்டிருந்தன. குமாஸ்தாக்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு குழாய்க்கு எட்டுக் குடும்பம் என்று வாழ்ந்தார்கள். லாஞ்செஸ்டர் என்ற இங்கிலீஷ்காரர் பட்டணத்தை எப்படித் திட்டம் போட்டு வளர்க்கவேண்டும் என்று 1918-ல் ஒரு புஸ்தகமே எழுதினார். 1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. அதே வருஷத் தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி ஜயித்தது. 1923-லிருந்து 1925-க்குள் ஏரியை வற்ற அடித்து, ரோடு போட்டு, மனை பிரித்து, நடுவில் ஒரு பார்க்கும் வைத்து, புது நகர் ஒன்றை எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். சுற்றிலும் வயல்கள் குறைந்துகொண்டு வந்த காலத்தில் பாசன ஏரி எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

புது நகருக்குப் பிட்டி தியாகராய செட்டியார் பேரை வைத்தார்கள். 1920-ல் முதல் மந்திரி பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்று சொன்ன மனிதர், 1925-ல் காலமானார். பதவியை வேண்டாம் என்றவர் பேரில் அமைந்த பேட்டையில்தான் இன்று ஒரு சதுர அடியைக்கூட யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. நடுப் பார்க்குக்குப் பனகல் ராஜா பேர். ரோடுகளுக்கு டாக்டர் நாயர், தணிகாசலம், ஜி. என். செட்டி, உஸ்மான் என்று வரிசையாக வைத்துவிட்டார்கள். ஜஸ்டிஸ் கட்சியின் சரித்திரத்தைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. பத்திரிகைப் பையன் மாதிரி சைக்கிளில் ஒரு சுற்று வந்தால் போதும். பாண்டி பஜார்கூட அப்படித்தான். அந்தப் பேருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தம் இல்லை, டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் பேரில் வைத்த அங்காடி, ஜனங்கள் வாயில் தேய்ந்து பாண்டி பஜார் ஆயிற்று.

ஏரியின் தெற்குப் பக்கம் பிற்பாடு மனையானது. நந்தன வருஷத்தில், 1952-53-ல், உருவான பகுதிக்கு ராஜாஜி நந்தனம் என்று பேர் வைத்தார் என்பார்கள். அழகான பேர்தான்.

என் தாத்தா இங்கே மனை வாங்கியது 1930-களில். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்துவிட்டது. ஆகவே கோட்டையில் உத்தியோகம் பார்க்கிற குமாஸ்தாவுக்கு மாம்பலம் எட்டாத தூரம் இல்லை. ஆனாலும் திருவல்லிக்கேணிப் பந்துக்கள் சிரித்தார்களாம். "ஏரிக்குள்ளே வீடு கட்டறயாமே, படகு வாங்கியாச்சா?" என்று கேட்டார்களாம். ராத்திரியில் நரி ஊளையிடும். கொசுவோ கேட்க வேண்டியதில்லை. மாம்பலத்துக் கொசு, யானைக்கால் வியாதி என்று சொன்னால் பெண் கொடுக்க வந்தவர்கள் திரும்பிப் போன கதைகள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

தாத்தா சாமர்த்தியசாலி. ஏரிக்குள் கட்டுகிறோம் என்பதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. ஒன்றரை கிரவுண்டு மனையில் ஆயிரத்து நானூறு சதுர அடிக்கு மட்டும் வீடு, மிச்சமெல்லாம் மண். தெருவிலிருந்து வாசலுக்கு ஏற ஐந்து படிகள். கொல்லையில் கிணறு. பத்தடியில் தண்ணீர். கோடையில் பதினைந்தடிக்கு இறங்கும். ஐப்பசியில் பெருமழை பெய்தால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு செம்பால் மொள்ளலாம். மழை நாளில் தாத்தா முதலில் போய்ப் பார்ப்பது கிணற்றைத்தான். "ஏரி வந்திருக்கிறது" என்பார். விருந்தாளி வந்த மாதிரி.

நடுவில் நடந்த கதையை நீட்டி முழக்க வேண்டாம். பேப்பர் படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். சினிமாக்காரர்கள் வந்தார்கள், எழுத்தாளர்கள் வந்தார்கள், பட்டுப் புடவை வந்தது, தங்கம் வந்தது. ரங்கநாதன் தெருவில் திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பாத்திரக் கடைகளும் துணிக் கடைகளும் ஆயின. ஸ்டேஷனிலிருந்து இறங்கினால் அதுதான் வழி என்பதால், அந்தத் தெருவுக்கு வந்த அதிர்ஷ்டம் வேறு தெருவுக்கு வரவில்லை. இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி கட்டுவது என்ற கலை இந்தப் பேட்டையில்தான் பூரண வளர்ச்சி அடைந்தது. அதிகாரிகள் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஏழு மாடியைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது. 1998-ல் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்து, கட்டணம் கட்டினால் விதிமீறலை முறைப்படுத்திக் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. பாவத்துக்குப் பரிகாரம் என்பது நம் சாஸ்திரங்களிலும் உள்ளதுதான். ஆனால் அதற்கு ரசீது கொடுப்பது புதுசு. கோர்ட்டில் வழக்குகள் நடந்தன. 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோடிலும் பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். சில மாதங்களுக்குள் பூட்டுகள் மறுபடி திறந்துகொண்டன. 2017 மே 31-ந் தேதி உஸ்மான் ரோடில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று பற்றி எரிந்தபோது, தீயணைப்பு வண்டிகள் பட்ட பாட்டை டெலிவிஷனில் நாடே பார்த்தது. எரிந்த கட்டிடத்தைக் கடைசியில் இடிக்கத்தான் முடிந்தது.

நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிப் பெஞ்சு போட்டார்கள். வயசானவர்கள் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். அந்த நடைபாதையில் வெகு காலமாக உட்கார்ந்து ஊக்கும் ரிப்பனும் விற்றவர்களை அதற்கு முன்பே, 2013-ல், ஒரு மாடிக் கட்டிடத்துக்குள் ஏற்றிவிட்டார்கள் என்பதும் சேர்ந்த கதை. ரிப்பன் வாங்குவதற்காக மாடி ஏறுகிற பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாயத்தில் ஒரு நடைபாலம் போட்டார்கள். மேலே நின்று பார்த்தால் ரங்கநாதன் தெரு கீழே ஓடுகிறது. ஆமாம், ஓடுகிறதுதான். தலைகளால் ஆன ஆறு.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். தாத்தாவுக்கு அப்புறம் அப்பா, அப்பாவுக்கு அப்புறம் அக்கா. அத்தான் போன பிறகு அக்கா தனியாகவே அந்த வீட்டில் இருந்தாள். மாடியில் ஒரு சின்னக் குடித்தனம். அண்ணா அமெரிக்காவில். நான் கோடம்பாக்கத்தில், ஒரு மூன்றாம் மாடியில்.

தாத்தா கட்டிய ஐந்து படிகளைச் சொன்னேன் அல்லவா? நான் பள்ளிக்கூடம் போன நாளில் நாலு படி. கல்லூரிக்குப் போனபோது மூன்று. வீடு இறங்கவில்லை; தெரு ஏறிக்கொண்டு வந்தது. தார் ரோடு பழுதானால் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அப்படிச் செய்யாமல் மேலேயே அப்பி அப்பிப் போனால், முப்பது நாற்பது வருஷத்தில் தெரு வீட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும். 2015-ல் எங்கள் வாசலில் ஒரு படிதான் மிச்சம். அந்த டிசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டைப் பாலத்தை முட்டிக்கொண்டு ஓடியபோது எங்கள் கூடத்தில் கணுக்கால் தண்ணீர். அக்கா, "எழுபது வருஷத்துக்கு ஒருக்கா வரது, வந்துட்டுப் போகட்டும்" என்றாள். ஆறு வருஷத்தில் மறுபடி வந்துவிட்டது.

2021 நவம்பர் 7-ந் தேதி காலை. ஆறு பெருகவில்லை, ஏரி உடையவில்லை. ராத்திரி முழுக்க மழை, அவ்வளவுதான். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி எங்கள் பேட்டை வழியாக ஓடி நந்தனத்தில் அடையாற்றில் விழுகிற மாம்பலம் கால்வாய் ஒன்று உண்டு. பழைய ஏரிப் பள்ளத்துத் தண்ணீர் வெளியே போகிற வழி அதுதான். அந்தச் சமயம் பார்த்து அதில் அபிவிருத்தி வேலை நடந்துகொண்டிருந்தது. மண்ணும் இடிசலும் உள்ளேயே கிடந்தன. தண்ணீர் எங்கே போகும்? எங்கும் போகவில்லை. நாலு நாள் நின்றது. கூடத்தில் முழங்காலளவு. எழுபத்து நாலு வயதில் அக்கா மாடிக் குடித்தனக்காரர் வீட்டில் நாலு ராத்திரி தங்கினாள். அந்தப் பிள்ளைகள் தங்கமானவர்கள். தாங்கள் தரையில் படுத்துக்கொண்டு அவளுக்குக் கட்டிலைக் கொடுத்தார்கள். கீழே தாத்தாவின் பீரோ மிதந்து, வாசற்படிக்கு வந்து, கதவில் இடித்துக்கொண்டே இருந்ததாம். ராத்திரியில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்டதாம்.

தண்ணீர் வடிந்த மறுநாள் அக்கா எனக்குப் போன் செய்தாள். "அந்த பில்டரை வரச் சொல்லுடா" என்றாள்.

பில்டர்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தார்கள். கணக்கு மிகவும் எளிது. ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. எங்கள் மனை 3,600. முன்பெல்லாம் மனையைப்போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்று விதி. 2019-ல் வந்த விதிகளில் அது இரண்டு மடங்காயிற்று. ஆக 7,200 சதுர அடி. கீழே கார் நிறுத்தத் தூண்கள், மேலே ஆறு வீடு. மூன்று பில்டருக்கு, மூன்று எங்களுக்கு. இதன் பேர் ஜாயிண்ட் வென்ச்சர். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வாரிசுகள் கையெழுத்து. இவை இருந்தால் போதும், கையில் காலணா இல்லாமல் கிழ வீடு குமரியாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணா நீளமாக ஒரு கடிதம் எழுதினான். கடிதம் என்றா சொன்னேன், மின்னஞ்சல். படித்தால் கல்லும் கரையும். தாத்தா தேடித் தேடி வாங்கிய தேக்கு உத்திரங்கள். காவி பூசிய தரையின் குளுமை. கொல்லை மாமரத்தின் மூன்றாவது கிளை. அப்பா கடைசியாகப் படுத்திருந்த அறை. இதையெல்லாம் ஆறு கார் நிறுத்துவதற்காகக் கொடுத்துவிடுவதா என்று கேட்டிருந்தான். நான் அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் போனை வாங்கி அவனோடு பேசினாள்.

"ரொம்ப நன்னா எழுதியிருக்கேடா. நீ வந்து இரேன், வீட்டை வெச்சுக்கலாம்."

அந்தப் பக்கத்திலிருந்து வெகு நேரம் சத்தமே இல்லை.

இந்தப் பேட்டையின் இன்றைய கதை முழுவதும் அக்காவின் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய வீட்டுக்காகப் பிரலாபிக்கிறவர்களில் முக்காலே மூணு வீசம் பேர் அதில் குடியிருக்கிறவர்கள் அல்ல. குடியிருக்கிறவளுக்கு முழங்கால் வலி, வருஷா வருஷம் வெள்ளையடிக்கும் செலவு, ராத்திரியில் சுவர் ஏறிக் குதிக்கிறவன் பயம், மழை வந்தால் பீரோ மிதக்கிற பயம். நினைவுகளைப் பாதுகாத்துத் தர அவளைக் காவல்காரியாக உட்கார்த்தி வைக்க நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? நான் அக்கா கட்சி. தவிரவும், ஏரியைத் தூர்த்துக் கட்டிய வீட்டை இடிக்கலாமா என்று தர்மம் பேசுவது கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது. ஏரியைக் கேட்டுவிட்டா தாத்தா கட்டினார்?

இடிப்பது நின்றுவிடப் போவதும் இல்லை. 1980-களில் பங்களாக்களை இடித்துக் கட்டிய பிளாட்டுகளே இப்போது கிழடு தட்டிப் போய்விட்டன. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் அவற்றையும் இடித்துக் கட்டலாம் என்று 2022-ல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். என் பேரன் காலத்தில் இப்போது கட்டுகிற ஆறு வீட்டையும் இடித்துவிட்டுப் பன்னிரண்டு கட்டுவார்கள். அப்போதும் பத்து வயதில் இங்கே விளையாடிய ஒருவன் எங்கிருந்தோ அழகான கடிதம் ஒன்று எழுதுவான்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். கிணறு.

நான் போட்ட கணக்கை இங்கே சொல்லுகிறேன். நம் வீட்டு மேல் ஓர் அங்குல மழை பெய்தால், ஒன்றரை கிரவுண்டு மனையில் சுமார் 8,500 லிட்டர் தண்ணீர் விழுகிறது. தாத்தா காலத்தில் மனையில் பாதிக்கு மேல் மண். விழுந்ததில் பெரும் பகுதி மண்ணுக்குள் போயிற்று, அங்கிருந்து கிணற்றுக்குப் போயிற்று. புதுக் கட்டிடத்தில் சுவர் முதல் சுவர் வரை சிமெண்டு. அவ்வளவு தண்ணீரும் தெருவுக்கு ஓட வேண்டியதுதான். எங்கள் தெருவில் மட்டும் இந்த மாதிரி எத்தனை மனை! பத்து அங்குல மழை ஒரு ராத்திரியில் பெய்தால் அந்த ஒற்றைக் கால்வாய் என்ன செய்யும்? மழைநீர்ச் சேகரிப்பை 2003-லேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். நல்ல சட்டம். அந்த வருஷங்களில் பட்டணமே குடிநீருக்குத் தவித்தது; அதனால் பயத்தில் எல்லாரும் செய்தார்கள். இப்போது பல இடங்களில் ஒரு குழாயும் ஒரு பக்கெட் ஜல்லியும் போட்டுப் போட்டோ எடுத்துக் காட்டிவிட்டால் சரியாகப் போய்விடுகிறது.

எங்கள் பில்டர் நல்ல மனுஷர், சிரித்த முகம். கிணற்றை மூடினால் அந்த மூலையில் ஏழாவது கார் நிற்கும் என்றார். ஏழாவது காருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டேன். விருந்தாளிகளுக்கு என்றார். கிணறும் விருந்தாளிக்குத்தான் என்று நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. "கிணறு இருக்கும்னு பத்திரத்தில எழுதினாத்தான் கையெழுத்து" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டாள். எழுதினார்கள். மொட்டை மாடித் தண்ணீர் அத்தனையும் குழாய் வழியாக வடிகட்டிக் கிணற்றில் விழ வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார்கள். அண்ணா அமெரிக்காவிலிருந்து பவர் பத்திரம் அனுப்பிவைத்தான். அதோடு ஒரு வரி: "உத்திரம் ஒன்றை விற்காமல் வைக்கவும்."

வீட்டை இடிக்க இருபது நாள்தான் ஆயிற்று. அதை நான் வர்ணிக்கப் போவதில்லை.

அஸ்திவாரத்துக்குத் துளை போட்டபோது தினமும் போய்ப் பார்த்தேன். இந்தப் பேட்டையில் சாதாரண அஸ்திவாரம் நிற்காது. கெட்டித் தரை கிடைக்கிற வரைக்கும் ஆழமாகத் துளைத்துக் கம்பியும் காங்கிரீட்டும் இறக்க வேண்டும். மேலே இரண்டடிக்கு இடிசலும் செம்மண்ணும். அது 1920-களில் கொண்டுவந்து கொட்டிய மண்ணாக இருக்கலாம். அதற்குக் கீழே கறுப்பாக, வழவழவென்று, கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரிப் பிசுபிசுக்கிற களிமண். அடி அடியாக அதுவேதான் வந்தது. அதில் சின்னச் சின்னதாக வெள்ளை ஓடுகள். நத்தை ஓடும் கிளிஞ்சலும். இஞ்சினீயர் பையன், திருநெல்வேலிப் பக்கம், ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தான்.

"ஏரி மண்ணு சார். எங்க ஊர்க் கொளத்துல இப்படித்தான் இருக்கும்" என்றான். அவனுக்கு லாங் டேங்க் பற்றி ஒன்றும் தெரியாது. புஸ்தகம் படித்துத் தெரிந்துகொண்ட என்னைவிட அவன் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டான்.

பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பங்குனி மாதம், பட்டப்பகல் வெயில். மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. ராத்திரி பகலாக மோட்டார் ஓடித் தண்ணீரை இறைத்துத் தெருச் சாக்கடையில் விட்டது. எதிர் வீட்டுக்காரர் சத்தத்தால் தூக்கம் இல்லை என்று சண்டைக்கு வந்தார். மூன்றாம் வீட்டில் அதே வாரம் குடிநீர் லாரி வந்து நின்றது. இந்த இரண்டையும் ஒரே பார்வையில் ஒரே தெருவில் பார்த்தேன்.

அக்கா இப்போதைக்கு மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருக்கிறாள். இரண்டாவது மாடி, லிப்டு உண்டு. தெரு, லேக் வியூ ரோடு. தேடிப் பிடித்ததல்ல, அமைந்தது. சாயங்காலங்களில் நான் கட்டிட வேலையைப் பார்த்துவிட்டு, துரைசாமி சப்வேயைத் தாண்டி அவளிடம் போவேன். எத்தனை தளம் போட்டாயிற்று, கம்பி எத்தனை டன் வந்தது என்று நான் சொல்லுவதை அவள் பாதிதான் கேட்பாள். நேற்று முன்தினம் அஸ்திவார வேலை முடிந்து மோட்டாரை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன்.

"கிணத்தை எட்டிப் பார்த்தியோ?"

"பார்த்தேன். வாட்ச்மேன் கயிறு விட்டுக் காட்டினான். பன்னிரண்டடியில் நிற்கிறது."

"பங்குனியிலயா?"

"பங்குனியில்தான்."

அக்கா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த வாட்ச்மேன் எங்கே படுத்துக்கறான்?" என்று கேட்டாள்.

"கீழேதான். தூணுக்கு நடுவிலே தகரம் அடிச்சு ஒரு அறை போட்டிருக்கா. சம்சாரம், ரெண்டு குழந்தைகள்."

"மழைக்கு முன்னாடி அவாளை முதல் மாடிக்கு மாத்தச் சொல்லு. பத்திரத்தில அதை எழுத விட்டுப்போச்சு" என்றாள்.